எபிரேய நூல்களுக்குப் பொருள் தலைப்பும் கூப்பிடு எண்ணும் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

எபிரேய நூலுக்குக் கூப்பிடு எண் (தட்டில் நூலின் இடத்தைக் காட்டும் எண்) இடுவது கடைசி வேலையாக இருக்க வேண்டும். புதிதாகப் பட்டியலாக்க வருபவர்கள் பெரும்பாலும் அதையே முதலில் செய்கிறார்கள்: அட்டையிலுள்ள பெரிய எழுத்துகளில் ஒரு சொல்லை அடையாளம் கண்டு, அதை அகராதியில் பார்த்து, அந்தச் சொல்லுக்குரிய எண்ணைப் பென்சிலால் குறித்துவிடுகிறார்கள். பிறகு ஆசிரியரும் ஆண்டும் பொருளும் அந்த எண்ணுக்கு ஏற்ப வளைக்கப்படுகின்றன. கீழேயுள்ள வரிசையில் ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடையை நம்பியிருப்பதால், இடையில் ஒன்றைத் தாண்டிச் செல்ல இயலாது.

எண்களுக்கு டூயி தசம வகைப்பாட்டையும், பொருள் தலைப்புகளுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பட்டியலையும் அடிப்படையாகக் கொண்டுள்ளேன். தலைப்புகளை ஒலிப்படித் தமிழ் எழுத்தில் தருகிறேன். பதிவில் அவற்றை உரிய ஆங்கில எழுத்திலேயே இட வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எபிரேய எழுத்துகள் 22. அவற்றின் எண்மதிப்புகளுடன் கூடிய ஒரு தாளை மேசையில் ஒட்டிவையுங்கள். ரேஷும் தாலெத்தும், பேத்தும் காஃபும், ஹேயும் ஹேத்தும் அச்சில் ஒன்றுபோல் தெரியும் என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தாலெத்தின் மதிப்பு 4, ரேஷின் மதிப்பு 200. ஆண்டும் எழுத்துகளாலேயே அச்சிடப்படுவதால், இந்த இரண்டையும் மாற்றிப் படித்தால் நூலின் வயது 196 ஆண்டுகள் நகர்ந்துவிடும்.

காங்கிரஸ் நூலகமும் அமெரிக்க நூலகச் சங்கமும் ஏற்றுக்கொண்ட எபிரேய ரோமன் எழுத்துப்பெயர்ப்பு அட்டவணை, அந்த அட்டவணை உயிரொலிகளுக்கு அளவுகோலாகக் கொள்ளும் எவென்-ஷோஷான் அகராதி, பெயர்களின் ஏற்கப்பட்ட வடிவங்களைத் தரும் பெயர் அதிகாரக் கோப்பைப் பார்க்க இணைய வசதி, உங்கள் நூலகத்தின் அடுக்குப் பட்டியல் (நூல்கள் தட்டில் நிற்கும் வரிசையிலான பட்டியல்) ஆகிய நான்கும் தேவை.

ஜெருசலேமிலுள்ள இஸ்ரேல் தேசிய நூலகத்தின் பட்டியல் தலைப்பையும் ஆசிரியரையும் சரிபார்க்க மிகவும் உதவும். ஆனால் அங்குள்ள வகைப்பாட்டு எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நூலகம் யூதவியலுக்கெனப் பயன்படுத்தி வந்தது, டூயி திட்டத்தை யூதவியல் அறிஞர் கெர்ஷோம் ஷோலெம் தேவைக்கேற்ப மாற்றியமைத்த திட்டம். எண்கள் பார்வைக்குப் பழகியவையாக இருப்பதே ஆபத்து.

2. மொழியை உறுதிசெய்தல்

எபிரேய எழுத்தில் அச்சிடப்பட்டது எல்லாம் எபிரேய மொழி அன்று. யித்திஷ், லடினோ, யூத அரபி, அரமேயம் ஆகியவையும் அதே எழுத்தில் வருகின்றன. மொழி பிழைத்தால் இலக்கிய எண் முழுவதும் பிழைக்கும்: எபிரேய இலக்கியம் 892.4, யித்திஷ் இலக்கியம் 839.1. இரண்டுக்கும் இடையே பல அலமாரிகள் இருக்கின்றன.

வேகமான சோதனை ஒன்று உண்டு. எபிரேய வாக்கியத்தில் "ஷெல்", "எத்" என்னும் சிறு சொற்களும், சொல்லின் முன்னொட்டாக ஹே எழுத்தும் அடிக்கடி வரும். யித்திஷில் "டெர்", "டி", "டோஸ்" என்பவை தனிச்சொற்களாக நிற்கும். எகர ஒலிக்காக அயின் எழுத்து வரிக்கு வரி வரும். ஒரு பத்தியில் அயின் மிகுந்து காணப்பட்டால் யித்திஷா என்று ஐயுறுங்கள்.

மொழிபெயர்ப்பா என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். இடைக்கால யூத அறிஞர் மைமோனிடீஸின் தத்துவ நூலான "வழிகாட்டி" யூத அரபியில் எழுதப்பட்டது. நம் கையிலுள்ள எபிரேயப் பிரதி சாமுவேல் இப்ன் திப்போனோ பிறரோ செய்த மொழிபெயர்ப்பு. பதிவில் மூலமொழி இடம்பெறாவிட்டால், அதே நூலின் பிற மொழிப் பிரதிகள் பட்டியலில் ஒன்றுசேராமல் சிதறிவிடும்.

3. தலைப்புக்குக் கீழுள்ள சிறிய எழுத்தைப் படித்தல்

நூல் வலப்பக்கத்திலிருந்து திறக்கும். இடப்பக்க முனையில் ஆங்கிலத் தலைப்புப் பக்கம் ஒன்று இருக்கலாம். அதைத் துணைச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள். அந்த ஆங்கிலத் தலைப்பு எபிரேயத் தலைப்பின் மொழிபெயர்ப்பாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. பல நேரங்களில் இரண்டுக்கும் தொடர்பே இருப்பதில்லை.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் கொள்ள முடியும் என்றால் அது இதுதான். சமய நூல்களின் பெரிய தலைப்பு பெரும்பாலும் வேதாகமத்திலிருந்து எடுத்த ஓர் அலங்காரத் தொடராகவோ, ஆசிரியரின் பெயரை உள்ளடக்கிய சிலேடையாகவோ இருக்கும். "மாகென் அவ்ராகம்" என்றால் "ஆபிரகாமின் கேடயம்"; ஆனால் நூல் ஆபிரகாமைப் பற்றியதும் அன்று, போரைப் பற்றியதும் அன்று, அவ்ராகம் என்னும் பெயருடைய ரபி (யூதச் சமய அறிஞர்) ஒருவர் சட்டத்தொகுப்புக்கு எழுதிய உரை. பெரிய எழுத்து நூலின் பெயரைச் சொல்கிறது. பொருளைச் சொல்வது அதன் கீழுள்ள சிறிய எழுத்து வரி.

அந்த வரியில் தேடவேண்டிய சொற்கள் சிலவே. "பேருஷ் அல்" அல்லது "பேயுர் அல்" என்றால் இன்ன நூலுக்கு உரை. "ஹித்துஷிம் அல் மஸேகெத்" என்றால் தல்மூதின் (யூதச் சமயச் சட்ட விவாதத் தொகுப்பின்) இன்ன பகுதி குறித்த புதிய விளக்கங்கள். "ஷெயெலோத் உ-தெஷுவோத்", அல்லது அதன் சுருக்கமான "ஷுத்", ரபியிடம் கேட்கப்பட்ட சட்டக் கேள்விகளும் அவர் அளித்த விடைகளும். "தெராஷோத்" பிரசங்கங்கள். "முஸார்" ஒழுக்கநெறி. "அல்" என்ற சிறு சொல்லைக் கண்டுபிடித்து அதற்கு அடுத்து வரும் பெயரைப் படித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மிகப் பரவலான சறுக்கல் "மிஷ்னா" என்ற சொல்லில் நிகழ்கிறது. "மிஷ்னா" என்பது 6 ஒழுங்குகளாகப் பகுக்கப்பட்ட பழைய சட்ட மரபுநூல். அதன் எண் 296.123. "மிஷ்னே தோரா" மைமோனிடீஸ் இயற்றிய சட்டத்தொகுப்பு. "மிஷ்னா பெரூரா" என்பதோ "ஷுல்கான் ஆரூக்" என்னும் சட்டத்தொகுப்பின் முதற்பகுதிக்கு எழுதப்பட்ட உரை. பின்னிரண்டும் யூதச் சட்டம், அதாவது 296.18. தலைப்பில் ஒரு சொல்லை மட்டும் அடையாளம் கண்டு எண் இடுபவர் மூன்றையும் ஒரே தட்டில் அடுக்கிவிடுவார். அப்படி அடுக்கப்பட்ட ஒரு தட்டை ஒருமுறை முழுநாள் செலவிட்டு நான் பிரித்திருக்கிறேன்.

சிறிய வரி இல்லாவிட்டால், நூலின் முன்பகுதியிலுள்ள "ஹஸ்காமோத்" எனப்படும் ரபிகளின் ஒப்புதல் கடிதங்களைப் பாருங்கள். புகழுரை நிறைந்த அக்கடிதங்களின் நடுவே, நூல் எதைப் பற்றியது என்ற ஒரு வரி பெரும்பாலும் இருக்கும்.

4. ஆசிரியரை அடையாளம் காணல்

ரபிகள் பலர் தம் பெயரின் முதலெழுத்துகளால் ஆன சுருக்கப்பெயரால் வழங்கப்படுகிறார்கள். "ரம்பாம்" என்பவர் 1204இல் மறைந்த மைமோனிடீஸ். "ரம்பான்" என்பவர் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நாக்மனிடீஸ். வேறுபாடு கடைசி எழுத்து ஒன்றே: முன்னதில் மேம், பின்னதில் நூன். முன்னவர் தோராவுக்கு (வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களுக்கு) வரிசையாக உரை எழுதவில்லை, பின்னவர் எழுதினார். ஆகவே 3ஆம் படியின் விடையைக் கொண்டே இங்கு ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளலாம்.

சிலர் தாம் எழுதிய நூலின் பெயராலேயே அறியப்படுகிறார்கள். "ஹாஃபெட்ஸ் ஹயிம்" என்பது நூற்பெயர். வழக்கில் அது 1933இல் மறைந்த இஸ்ராயேல் மெயிர் ஹா-கோஹெனைக் குறிக்கும், மேலே சொன்ன "மிஷ்னா பெரூரா"வின் ஆசிரியரும் அவரே. தலைப்புப் பக்கத்தில் உள்ளபடி பெயரை இட்டுவிட்டால் ஒரே மனிதர் மூன்று இடங்களில் பிரிந்து நிற்பார். அதிகாரக் கோப்பில் உள்ள வடிவத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு மயக்கம்: உரைகளை அச்சிடப் பயன்படும் வளைந்த எழுத்துருவுக்கு "ராஷி எழுத்து" என்று பெயர். அந்த எழுத்தில் இருப்பதாலேயே அது 1105இல் மறைந்த உரையாசிரியர் ராஷியின் உரை ஆகிவிடாது.

5. ஆண்டைக் கணக்கிடல்

ஆண்டு எழுத்துகளாக அச்சிடப்பட்டிருக்கும். ஆயிரத்தைக் குறிக்கும் எழுத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். தாவ், ஷின், பே, தாலெத் என்று இருந்தால் 400, 300, 80, 4, கூட்டினால் 784. இத்துடன் 1240ஐக் கூட்டுங்கள்: 2024. யூத ஆண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் தொடங்குவதால், அந்த ஆண்டு 2023 இலையுதிர்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. எனவே பதிவில் "2023 அல்லது 2024" என்று எழுதி, கூப்பிடு எண்ணில் முந்தைய ஆண்டான 2023ஐ இடுவது வழக்கம்.

எழுத்துகளின் வரிசையை நம்பாதீர்கள், கூட்டுத்தொகையை நம்புங்கள். 744ஆம் ஆண்டை இயல்பான வரிசையில் எழுதினால் அழிவைக் குறிக்கும் சொல்லாகிவிடுவதால், கடைசி இரண்டு எழுத்துகளையும் இடம் மாற்றியே பலர் அச்சிட்டார்கள். பழைய சமய நூல்களில் ஆண்டு ஒரு வேத வசனத்துக்குள் ஒளிந்திருக்கும். பெரிதாகவோ புள்ளியிட்டோ அச்சிடப்பட்ட எழுத்துகளை மட்டும் கூட்ட வேண்டும்.

மறுபதிப்புகளில் பழைய தலைப்புப் பக்கத்தை அப்படியே படியெடுத்திருப்பார்கள். தாள் வெண்மையாகவும் ஆண்டு 19ஆம் நூற்றாண்டாகவும் இருந்தால், தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தையும் நூலின் கடைசித் தாளையும் பார்க்காமல் மேலே செல்லாதீர்கள்.

6. எழுத்துப்பெயர்ப்பும் முன்னொட்டும்

எபிரேய அச்சில் பெரும்பாலும் உயிர்க்குறிகள் இடம்பெறா. தமிழில் மரம், முரம் ஆகிய இரண்டையும் மெய்களை மட்டும் வைத்து எழுதினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள், அந்த நிலைதான். ஸாமேக், பே, ரேஷ் என்ற மூன்றெழுத்தை "ஸெஃபெர்" என்று படித்தால் நூல், "ஸபார்" என்று படித்தால் முடிதிருத்துபவர். ஒரே எழுத்து இரண்டு ஒலி தருவது, பகரத்தை இருவிதமாக ஒலித்துப் பழகிய நமக்குப் புதிதன்று: பேத் "ப"வாகவும் "வ"வாகவும், பே "ப"வாகவும் "ஃப"வாகவும் ஒலிக்கும். ஊகிக்காமல் அகராதியைப் பார்ப்பதற்குக் காரணம், இந்த வடிவத்திலிருந்துதான் கூப்பிடு எண்ணின் பின்பகுதியான நூல் எண் பிறக்கப்போகிறது என்பதே.

"ஹா-" என்பது சுட்டு முன்னொட்டு; தலைப்பின் தொடக்கத்தில் வந்தால் அகர வரிசைக்கு அதைக் கணக்கில் எடுப்பதில்லை. மார்க் எனப்படும் கணினிப் பதிவின் 245ஆம் புலத்தில், விலக்க வேண்டிய எழுத்துகளின் எண்ணிக்கையைச் சொல்லும் இரண்டாம் சுட்டி ரோமன் வடிவத்துக்கு 3, ஏனெனில் இரண்டு எழுத்தும் ஒரு சிறுகோடும் விலக்கப்படுகின்றன. எபிரேய எழுத்தில் அதே தலைப்பைத் தரும் 880ஆம் புலத்தில் ஹே என்னும் ஓரெழுத்தே விலக்கப்படுவதால் சுட்டி 1. இரண்டிலும் 3 இட்டு எபிரேய வரிசையைக் குலைப்பது அன்றாடப் பிழை.

மறுபுறம், ஹேயில் தொடங்கும் எல்லாச் சொற்களும் முன்னொட்டு உடையவை அல்ல. எபிரேயத்தில் இந்தியாவின் பெயர் "ஹோது". தொடக்க காலத்தில் நான் அதன் ஹேயை முன்னொட்டு என்று கருதி வெட்டிவிட்டேன். இந்தியப் பயணநூல் ஒன்று பல மாதம் யார் கைக்கும் அகப்படாமல் கிடந்தது. யூதச் சட்டத்தைக் குறிக்கும் "ஹலாகா"வுக்கும் இதே கதி நேர்வதைக் கண்டிருக்கிறேன்.

7. பொருள் தலைப்பைத் தேர்ந்தெடுத்தல்

எண்ணுக்கு முன்பே தலைப்பைத் தேர்ந்தெடுக்கிறோம். தலைப்புகள் ஒன்றுக்கு மேற்பட்டவையாக இருக்கலாம், எண் ஒன்றே ஒன்றுதான்; எல்லாத் தலைப்புகளையும் வைத்துப் பார்த்து, நூலின் பெரும்பகுதியைத் தழுவுவதை முதலில் நிறுத்தினால், அதுவே எண்ணைக் காட்டும்.

மொழி பொருள் அன்று. எபிரேயத்தில் எழுதப்பட்ட வேளாண்மை நூலுக்கு "ஹீப்ரூ லாங்குவேஜ்" என்ற தலைப்பு பொருந்தாது. அது இலக்கணம், அகராதி போன்றவற்றுக்கு உரியது.

"ஜூஸ்" மக்களைக் குறிக்கும், "ஜுடாயிஸம்" சமயத்தைக் குறிக்கும். போலந்து நகரமொன்றின் யூதச் சமூக வரலாறு முன்னதைச் சேரும். வழிபாட்டு முறைகளின் வரலாறு பின்னதைச் சேரும். இதே பிரிவு "ஹாஸிடிம்", "ஹாஸிடிஸம்" ஆகியவற்றிலும் உண்டு: முன்னது ஹாஸிதியம் என்னும் யூதப் பக்தி இயக்கத்தவர், பின்னது அதன் கோட்பாடு. எழுத்தில் நெருங்கிய இன்னோர் இணை "அகாடா", "ஹகாடா". தல்மூதிலும், வேதாகம விளக்கத் தொகுப்பான மித்ராஷிலும் உள்ள சட்டம் சாராத கதையும் போதனையும் "அகாடா". பஸ்கா இரவு உணவின்போது படிக்கும் நூல் "ஹகாடா". அதற்குரிய தலைப்பு "ஹகாடோட்".

மூலநூலும் அதைப் பற்றிய நூலும் வேறு. மிஷ்னாவின் மூலம் மட்டும் உள்ள பதிப்புக்கு "மிஷ்னா" பொருள் தலைப்பு ஆகாது. அது நூலின் ஒருசீர்த் தலைப்பு, அதாவது எல்லாப் பதிப்புகளையும் ஒன்றுசேர்க்கும் நிலையான பெயர். உரைநூலுக்கு மட்டுமே "மிஷ்னா—காமென்ட்டரீஸ்" என்று இடுகிறோம். தல்மூதின் ஒரு பகுதிக்கு உரை என்றால் பகுதியின் பெயரையும் சேர்க்க வேண்டும்: "தால்முட். பெராகோத்—காமென்ட்டரீஸ்". வாராந்தரத் தோராப் பகுதிகளின்படி அடுக்கப்பட்ட பிரசங்கத் தொகுப்பைத் தோராவின் உரை என்று எண்ணிவிடக் கூடாது. அடுக்கு முறை அப்படி இருக்கிறதே தவிர, நூலின் இனம் பிரசங்கம்.

பழைய பதிவுகளை எடுத்தாளும்போது வேதாகமத் தலைப்புகளைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆர்டிஏ என்னும் பட்டியலாக்க விதிகள் நடைமுறைக்கு வந்தபின், பழைய ஏற்பாட்டைக் குறித்த "ஓ.டி." என்ற சுருக்கம் நீங்கிவிட்டது, ஆதியாகமம் இப்போது நேரடியாக "பைபிள். ஜெனஸிஸ்".

நினைவு நூல்கள், அதாவது அழிக்கப்பட்ட ஊர்களின் யூதர்கள் பற்றி எஞ்சியவர்கள் தொகுத்தவை, தனிக் கவனம் கேட்பவை. ஊரின் யூதர்களுக்கு ஒன்று, "ஹோலோகாஸ்ட், ஜூயிஷ் (1939–1945)" என்பதன்கீழ் இடப்பெயருடன் ஒன்று என்று குறைந்தது இரண்டு தலைப்புகள் வேண்டும். நூலில் உள்ள ஊர்ப்பெயர் யூத வழக்குப் பெயராக இருக்கும்: "பிரிஸ்க்" என்பது இன்றைய பெலாருஸின் பிரெஸ்ட், "வில்னா" என்பது லிதுவேனியாவின் வில்னியஸ். அதிகாரக் கோப்பிலுள்ள இன்றைய பெயரும் இன்றைய நாடுமே தலைப்பில் வர வேண்டும்.

8. வகைப்பாட்டு எண்ணை அமைத்தல்

முதல் தலைப்பு சரியாக இருந்தால் இது விரைவாக முடியும். எபிரேய வேதாகமம் (பழைய ஏற்பாடு) 221, தோரா 222.1, தல்மூத் இலக்கியம் 296.12, பாபிலோனியத் தல்மூத் 296.125, மித்ராஷ் 296.14, கபாலா (யூத மறைஞானம்) 296.16, யூதச் சட்டம் 296.18, பண்டிகைகள் 296.43, ஹகாடா 296.45371, ஹாஸிதியம் 296.8332. யூதத் தத்துவம் சமயத்தில் அல்லாமல் 181.06இல் இருக்கிறது. யூதர்களின் உலக வரலாறு 909.04924, இஸ்ரேலின் வரலாறு 956.94; யூதப் பேரழிவின் (ஹோலோகாஸ்ட்) வரலாறு 940.5318.

ஒரு நாட்டிலோ மாநிலத்திலோ வாழ்ந்த யூதர்கள் என்றால், இட எண்ணுடன் 004924ஐச் சேர்க்கிறோம். கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறியதால் அவர்களைப் பற்றி எபிரேயத்தில் நூல்கள் உண்டு, கேரளம் 954.83, ஆகவே எண் 954.83004924. தமிழ்நாட்டு வரலாற்றை 954.82இல் அடுக்கிப் பழகியவர்களுக்கு இது அடுத்த தட்டுதான்.

உணவு நூல்களில் மூன்று வழிகள் பிரிகின்றன. யூதச் சமையல் 641.5676, இஸ்ரேல் நாட்டுச் சமையல் 641.595694, எதை உண்ணலாம், எதை உண்ணக் கூடாது என்ற சமய விதி 296.73. படங்களைப் பார்த்து முடிவு செய்யாமல், செய்முறை இருக்கிறதா, சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

புனைகதையில் கால எண், நூல் வெளிவந்த ஆண்டைப் பொறுத்தது அன்று. ஆசிரியர் எழுதி நிலைபெற்ற காலத்தைப் பொறுத்தது. எபிரேய எழுத்தாளர்களில் அக்னோன் 892.435. அமோஸ் ஓஸ் 892.436, அவர் 2000க்குப் பின் வெளியிட்ட நாவலும் அங்கேதான் நிற்கும், 892.437க்குப் போகாது. ஒருவரின் நூல்கள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதே இவ்விதியின் நோக்கம்.

காங்கிரஸ் நூலக வகைப்பாட்டைப் பின்பற்றுபவர்களுக்கு: சமயம் பிஎம், வேதாகமம் பிஎஸ், மொழியும் இலக்கியமும் பிஜே, யூதர் வரலாறும் இஸ்ரேலும் டிஎஸ் 101 முதல் 151 வரை. யூதச் சட்டத்துக்கு பிஎம்மிலும் இடம் உண்டு, கேபிஎம் என்னும் தனி அட்டவணையும் உண்டு. இரண்டில் ஒன்றை நூலகம் தேர்ந்து எழுத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால், பட்டியலாக்குபவர் மாறும்போதெல்லாம் சட்ட நூல்கள் இடம் மாறும்.

9. நூல் எண், தொகுதி, முதுகுச் சீட்டு

ஆசிரியரின் அதிகார வடிவத்திலிருந்து நூல் எண்ணை எடுங்கள்; ஆனால் கணக்கிடும் முன் அடுக்குப் பட்டியலைப் பாருங்கள். யித்திஷ் எழுத்தாளர் ஷோலெம் அலெய்கெமின் நூல்கள் காங்கிரஸ் நூலக எண்ணில் ஷகரத்தில் இல்லை. அவரது இயற்பெயரான ரபினோவிட்ஸின் முதலெழுத்தைக் கொண்டு பிஜே 5129.ஆர்2 என்று நிற்கின்றன. புதிதாகக் கணக்கிடுபவர் அவரை இரண்டாகப் பிளந்துவிடுவார்.

உரைநூலாக இருந்தால் மூலநூலின் எண்ணுக்குப் பின் உரையாசிரியரின் எழுத்தைச் சேர்த்தால், ஒரே மூலத்தின் உரைகள் அருகருகே நிற்கும்.

தொகுதி எண்ணும் எழுத்தாகவே இருக்கும்: ஆலெஃப் 1, பேத் 2. 15, 16 ஆகிய இரண்டுக்கு மட்டும் கவனம் தேவை. 10ஐயும் 5ஐயும் சேர்த்தால் இறைப்பெயரின் எழுத்துகள் வந்துவிடும் என்பதால் 9ம் 6ம், அதாவது தேத், வாவ் என்று எழுதுவார்கள். 16க்குத் தேத், சயின். சீட்டில் வழக்கமான எண்ணையே இடுங்கள்.

பட்டைக்குறியையும் தேதித் தாளையும் எபிரேய முன்னட்டைப் பக்கம் ஒட்டுங்கள். கணினியில் எபிரேய வரியும் எண்ணும் கலந்தால் திரையில் இடம் மாறித் தோன்றும். தோற்றத்தைச் சரிசெய்வதாக நினைத்து எழுத்துகளைப் பின்னிருந்து தட்டச்சு செய்யாதீர்கள், தேடலில் அந்த வரி ஒருபோதும் அகப்படாது.

10. தட்டில் வைத்துச் சரிபார்த்தல்

சீட்டை ஒட்டும் முன் நூலை எடுத்துச் சென்று அந்த எண்ணில் வையுங்கள். இடப்புறமும் வலப்புறமும் உள்ள நூல்களைத் திறந்து, தலைப்புக்குக் கீழுள்ள சிறிய எழுத்து வரியைப் படியுங்கள். உங்கள் நூலில் "ஹித்துஷிம் அல் மஸேகெத் பெராகோத்" என்று இருந்து, அண்டை நூல்களில் "ஷுத்" என்றோ "தெராஷோத்" என்றோ இருந்தால், எண்ணைத் திருத்த முற்படாமல் 3ஆம் படிக்குத் திரும்பி அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள்.